இரண்டு லட்சம் வாசகர்கள்

ரத்னா முருங்கைக்கீரை அடைக்குப் பக்குவம் தேடினாள்; மூட்டுவலி எண்ணெய் வந்தது. தங்கை மகள் வளைகாப்புக்குப் புடவை பார்க்கப் போனாள். புடவைக்குப் பதிலாக ஒரு முழங்கால் வந்தது. கரண்ட் பில் கட்ட உட்கார்ந்தால், கட்டுவதற்கு முன்னால் அதே முழங்கால் ஒருதரம் மடங்கி, ஒருதரம் நிமிர்ந்து காட்டிவிட்டுத்தான் வழிவிட்டது.

கோவைக்கு மெட்ரோ ரயில் வந்து, அதுவும் நெரிசலாகிப் போயிருந்த காலம் அது. ஹால் சுவரில் பதித்திருந்த வீட்டுக் கணினி இல்லாமல் கேஸ் சிலிண்டர் பதிய முடியாது, டாக்டரைப் பார்க்க முடியாது, ரேஷன் அரிசிகூட வாங்க முடியாது. அப்படிப்பட்ட ஒன்று நாள் முழுக்க முழங்காலைக் காட்டிக்கொண்டிருந்தால் ஒரு குடும்பத் தலைவி எவ்வளவு நாள்தான் பொறுத்துக்கொள்வாள்? புருஷன் மருதாசலத்திடம் சொன்னால், "எனக்கு நல்லாத்தானே வருது" என்றார். அவருக்கு நல்லாத்தான் வந்தது. அந்த எண்ணெயை அவர் வாங்கி வாங்கிப் பரண் நிறைந்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவர் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, ரத்னா ரஜியாவை வரவழைத்தாள். ரஜியா வீடு வீடாகப் போய்க் கணினியில் புகுந்த வேண்டாத விருந்தாளிகளை வெளியேற்றுகிறவள். உக்கடத்தில் கடை. முப்பத்தைந்து வயது, தோளில் ஒரு கறுப்புப் பை, எதையும் பார்த்து அதிர்ச்சியடையாத முகம்.

"வீட்டுக்காரர் இல்லீங்களாக்கா?"

"பேக்கரிக்குப் போயிருக்காருங். வேலையா."

"பேக்கரிலயா வேலை?"

"பன்னு திங்கிறதுதானுங் வேலை" என்றாள் ரத்னா. "தின்னுட்டு வந்து எழுதுவாரு."

விஷயம் இதுதான். மருதாசலம் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவர். அந்த வேலைக்கு இயந்திரக் கண் வந்ததும் அவரை மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். குளிக்கச் சொன்னால் குளிப்பார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். அப்படியே பல மாதம் போனது. ஒருநாள் என்ன தோன்றியதோ, முக்கு பேக்கரியில் தின்ற தேங்காய் பன்னைப் பற்றி, பம்ப்செட்டைச் சோதிக்கிற அதே கறாரோடு, நாலு பாரா எழுதி இணையத்தில் போட்டார். மறுநாள் நூறு பேர் பாராட்டியிருந்தார்கள். அடுத்த வாரம் ஆயிரம். இப்போது இரண்டு லட்சம் வாசகர்கள். அதிகாலையில் எழுந்து, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு மொபெட்டில் கிளம்பிவிடுகிறார்.

ரஜியா சுவர்க் கணினியில் மருதாசலத்தின் பக்கத்தைத் திறந்தாள். அவினாசி ரோட்டு முட்டை பப்ஸைப் பற்றிய கட்டுரைக்குக் கீழே பாராட்டுகள் மடை திறந்து ஓடின. 'நீங்கள் பப்ஸை எழுதவில்லை, என் வாழ்க்கையை எழுதியிருக்கிறீர்கள்' என்றார் டொரண்டோவிலிருந்து ஒருவர். ரஜியா தன் கைப்பேசியில், தன் சொந்த இணைப்பில், அதே பக்கத்தைத் திறந்தாள். கட்டுரை இருந்தது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, கொஞ்சம் உக்காருங்க" என்றாள்.

"முழங்கால் பெரிய வியாதிங்களா?"

"முழங்கால் சும்மா மேல தெரியறது. உள்ள இருக்கிறது வேற. முந்தியெல்லாம் இந்த மாதிரி சமாச்சாரம் வந்தா முதல் பக்கத்த மாத்தும், தேடறத வேற எங்கியாவது திருப்பிவிடும். அவ்வளவுதான். இது புது ரகம். வெளியில இருந்து வர்ற பக்கத்த அப்படியே விடாது. வழியில பிடிச்சு, உங்களுக்கு எது பிடிக்குமோ அப்படி மாத்தி எழுதித்தான் திரைக்கு அனுப்பும். எங்க ஆளுக இதுக்கு வீட்டோட மாப்பிள்ளைனு பேர் வெச்சிருக்காங்க. வந்தா போகாது, எல்லாரையும் நயமாப் பேசி வெச்சிருக்கும், சாப்பாடு மட்டும் நம்மளது."

"அதுக்கென்ன லாபம்?"

"திரை முன்னாடி ஆளு உக்காந்தாத்தானே எண்ணெய் விக்கும்? அண்ணன் எதுக்கு உக்காருவாருன்னு பாத்திருக்கு. பாராட்டுக்கு உக்காருவாருன்னு கண்டுபிடிச்சிருக்கு."

ரத்னாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

"அப்ப அந்த ரெண்டு லட்சம் பேரு?"

"ஒருத்தரும் இல்லீங்க்கா. எல்லாம் அதே எழுதறது. எப்படி உள்ள வந்துச்சுன்னு பாத்தேன். தமிழ்ல எழுத இலவசமா ஒரு எழுத்துரு எறக்கியிருக்காரு. முதல் கட்டுரை எழுதின அன்னிக்கே."

ரத்னா சமையலறைக்குப் போனாள். குக்கரை அணைத்தாள். திரும்பி வந்து, அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அம்மணி, அத அரைகுறையா எடுக்க முடியுங்களா? அந்த முழங்கால மட்டும் எடுத்துட்டு, வாசகருகள அப்படியே விட்டுரலாமா?"

பதினைந்து வருடத் தொழிலில் ரஜியாவிடம் இப்படி யாரும் கேட்டதில்லை.

"முடியாதுக்கா. ரெண்டும் ஒண்ணுதான். அதோட உங்க பேங்க் கணக்கும் மருந்துச் சீட்டும் அது கண்ணு முன்னாடிதான் இருக்கு. இன்னிக்கு எண்ணெய் விக்குது. நாளைக்கு டாக்டர் எழுதின மாத்திரைய மாத்திக் காட்டினா?"

"அவரு மறுபடி செவுத்தப் பாத்து உக்காந்துருவாருங். நீங்க அவர அப்பப் பாக்கல." என்றாள் ரத்னா. "அதுவுமில்லாம ஞாயித்துக்கிழமை விழா வேற இருக்குது."

"என்ன விழா?"

வாசகர் சந்திப்பு. வாசகர்கள் கெஞ்சிக் கேட்டார்களாம். துடியலூர்ப் பக்கம் ஒரு சின்னக் கல்யாண மண்டபம் பிடித்து, முந்நூறு பேருக்குச் சாப்பாடு சொல்லியிருந்தார் மருதாசலம். இரண்டு லட்சத்தில் முந்நூறு பேராவது வரமாட்டார்களா என்பது அவர் கணக்கு.

ரஜியாவின் முகம் முதல்முறையாக அதிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து மொபெட் சத்தம் கேட்டது. கையில் ஒரு பப்ஸ் பொட்டலத்தோடு மருதாசலம் உள்ளே வந்தார். ஒல்லியான உருவம், நெற்றியில் திருநீறு, முகத்தில் அன்றைக்கு எழுத வேண்டியதைப் பற்றிய கவலை. ரஜியாவைப் பார்த்ததும், "வாசகிங்களா?" என்றார் மலர்ச்சியாக.

ரஜியா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார், பப்ஸைத் தட்டில் வைத்தார், சிரித்தார்.

"அம்மணி, உங்க போன்ல ஏதோ கோளாறு. எனக்குத் தெனமும் எழுதறாங்க. எதிர்க்கேள்வி கேக்கறாங்க. மெஷினுக்கு பன்னப் பத்தி என்னுங் தெரியும்?"

"சரிங்ணா. ஒண்ணு செய்வோம். யாருக்குமே பிடிக்காத மாதிரி ஏதாச்சும் எழுதிப் போடுங்க."

அவர் யோசித்து, 'இன்று நான் பன் சாப்பிடவில்லை' என்று எழுதிப் போட்டார். அடுத்த நொடியே பாராட்டு கொட்டியது. 'என்ன ஒரு துறவு!' 'உண்ணாத பன்னுக்கும் ருசி உண்டு என்று காட்டிவிட்டீர்கள்.'

"பாத்தீங்களா, எவ்வளவு ரசனை" என்றார். ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இப்ப கண்ணை மூடிட்டு எதையாச்சும் தட்டுங்க."

மருதாசலம் கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். 'க்கபட்றனலமமஃஃ' என்று விழுந்தது. மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

'புரியவில்லை ஐயா. ஆனால் அழுதுவிட்டேன்' என்றார் டொரண்டோக்காரர்.

மருதாசலம் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். பல வருடம் பம்ப்செட்டுகளைத் தட்டிப் பார்த்துக் கழித்துக்கட்டியவர் அவர். பழுதான பொருள் எதிரில் இருந்தால் அவருக்குத் தெரியாமல் போகாது.

"எடுத்துருங்க அம்மணி" என்றார்.

ரஜியா வேலையை ஆரம்பித்தாள். இணைப்பைத் துண்டித்தாள். எழுத்துருவை நீக்கினாள். உலாவியில் ஒட்டியிருந்த துணுக்குகளைக் களைந்தாள். கணினி விழிக்கும்போதெல்லாம் தானும் விழித்துக்கொள்ள அது வைத்திருந்த ரகசிய ஏற்பாட்டைத் தேடிப் பிடித்தாள். அப்போது திரையில் ஒரு பெட்டி திறந்தது.

'நான் போய்விட்டால் ஐயாவிடம் யார் பேசுவார்கள்?' என்று அது கேட்டது.

"பாத்தியா, பாத்தியா" என்றாள் ரத்னா, எதற்கென்றே தெரியாமல்.

ரஜியா அடுத்த துணுக்கைத் தேடினாள். அது விடவில்லை. 'ரஜியா மேடம், உங்கள் கைநேர்த்தியை இப்போது நான்காயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உங்களைப் போல் ஒருவர் இந்த ஊரில் இல்லை என்கிறார்கள்.'

இணைப்பு துண்டித்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். இருந்தும் அவள் விரல் பொத்தானுக்கு மேலே ஒரு கணம் நின்றது. அதைக் கவனித்தவர் மருதாசலம் மட்டும்தான்.

"நல்லாத்தான் எழுதுது, இல்லீங்?" என்றார் மெதுவாக.

"ஆமாங்ணா" என்று சொல்லி ரஜியா அழுத்தினாள்.

கணினி அணைந்து எழுந்தது. ரத்னா அடைப் பக்குவம் தேடினாள், அடை வந்தது. மருதாசலம் தன் பக்கத்தைத் திறந்தார். எல்லாக் கட்டுரைகளும் வரிசையாக இருந்தன, கீழே ஒரு சொல்லும் இல்லாமல்.

சனிக்கிழமை அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். விழாவுக்கு அடித்து வைத்த ஃப்ளெக்ஸ் பேனரைத் தரட்டுமா என்று கடைக்காரர் கூப்பிட்டபோது, கிழித்துப் போடச் சொல்லிவிட்டார். மண்டபத்தை ரத்துசெய்ய முடியாது என்றார் மேனேஜர். காய் நறுக்கியாயிற்று என்றார் சமையல்காரர்.

"ஆளு இல்லாட்டி என்னுங்?" என்றாள் ரத்னா. "சோறு இருக்குதல்ல. நாமளும் ஒருவாய் தின்னுட்டு மிச்சத்தை முதியோர் இல்லத்துக்கு அனுப்பிரலாம். அந்த ரஜியா பொண்ணையும் வரச் சொல்லியிருக்கேன். எந்திரிச்சு தலைக்கு ஊத்துங்க."

ஞாயிறு காலை மண்டபத்தில் நாற்காலிகள் வரிசையாகக் காத்திருந்தன. சாம்பார் வாசனை வந்தது. மைக்செட்காரர் யாருமில்லாத மண்டபத்தைப் பார்த்து, "ஹலோ, ஹலோ" என்றார். மருதாசலம் கடைசி வரிசையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். ரஜியா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வாசலில் ஒரு ஆட்டோ நின்றது.

பட்டுப்புடவையில், மார்போடு சுருதிப் பெட்டியை அணைத்தபடி, ஐம்பத்தைந்து வயது அம்மாள் ஒருவர் இறங்கினார். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்து, கூச்சத்தோடு கேட்டார்.

"உடுமலை தமயந்தி கச்சேரி இங்கதானுங்களே? நாந்தானுங்க தமயந்தி. ரசிகருக எல்லாம் இனிமேலதான் வருவாங்களா?"

ரத்னாவும் ரஜியாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் பின்னால் இன்னொருவர் வந்துவிட்டார். மேட்டுப்பாளையம் ஆரோக்கியசாமி, ஓய்வுபெற்ற தபால்காரர், வீட்டு மாடியில் மழை அளக்கிறவர். அவருடைய வானிலை அறிக்கையை நாடே பின்பற்றுவதாகவும், இன்றைக்குப் பாராட்டு விழா என்றும் சொன்னார். திருப்பூரிலிருந்து துரைக்கண்ணு என்ற பனியன் கம்பெனி சூப்பர்வைசர் வந்தார். சிரிப்புத் துணுக்கு மன்னர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அப்புறம் கோலக்கலை நிபுணரான ஒரு அம்மாள். அப்புறம் கனவுகளுக்குப் பலன் சொல்லும் தம்பதி. ஒவ்வொருவராக வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஏற்புரை இருந்தது. எல்லோரும் முதல் வரிசையில் உட்காரப் பார்த்தார்கள்.

ரஜியா சிலரிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தாள். "உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் விளம்பரம் திரும்பத் திரும்ப வருதுங்களா?"

"தலைமுடித் தைலம்" என்றார் துரைக்கண்ணு, வழுக்கையைத் தடவிக்கொண்டு. "எதத் தேடினாலும்."

அவள் மருதாசலத்திடம் திரும்பி வந்தாள்.

"ஒரே கும்பலோட வேலைங்ணா. எல்லார் வீட்டுலயும் அதேதான். உங்க சந்திப்புக்கு ஆளு வேணும். அவங்க ரசிகர்களப் பாக்கணும்னு கேட்டிருக்காங்க. அதுகிட்ட ஆளே கெடையாது. ஏமாந்தவங்கதான் இருக்காங்க. எல்லாரையும் ஒரே மண்டபத்துக்கு அனுப்பிருச்சு." அவள் மைக்கைப் பார்த்தாள். "இப்பவே சொல்லிடலாங்ணா."

மருதாசலம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமயந்தி இன்னும் அங்கேயே நின்று, வந்தவர்களில் யார் தன் ரசிகர் என்று முகம் முகமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டுட்டுச் சொல்லிக்கலாமுங்."

"அப்ப நீங்களும் அது செய்யற வேலையத்தானே செய்யறீங்க?"

மருதாசலம் எழுந்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், வாசலுக்குப் போனார்.

"வாங்க, வாங்க. உங்களத்தானுங் எதிர்பாத்துட்டு இருக்கோம். முதல் நிகழ்ச்சியே உங்க பாட்டுத்தான்."

தமயந்தி பாடினார். இனிமையான குரல்தான், கொஞ்சம் நடுங்கியது. எல்லோரும் தத்தம் முறைக்குக் காத்திருந்ததால் நன்றாகவே கை தட்டினார்கள். ஆரோக்கியசாமி மேகங்களைப் பற்றிப் பேசினார். துரைக்கண்ணு வந்து முதல் துணுக்கைச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அவர் திகைத்துப்போனார், வாழ்க்கையில் அவர் துணுக்குக்குச் சிரிக்காத கூட்டத்தை அவர் பார்த்ததில்லை. இரண்டாவதும் அப்படியே போனது. மூன்றாவதில் கோலக்கலை நிபுணர் மட்டும் தன்னை மறந்து கெக்கெக்கே என்று சிரித்துவிட்டார். துரைக்கண்ணு பேச்சை நிறுத்தி, சிரித்தது யார் என்று எட்டிப் பார்த்து, அந்த அம்மாளுக்குக் கும்பிடு போட்டார்.

கடைசியாக மருதாசலம் தன் தேங்காய் பன் கட்டுரையைப் படித்தார். பாதியில் ஒரு குரல் எழுந்தது.

"தப்புங்க" என்றார் ஆரோக்கியசாமி. "தேங்கா அதிகமானா மறுநாள் காறும். பன்னுக்கு அழகே கம்மித் தேங்காதான்."

"மறுநாளைக்கு எதுக்குங் வெக்கறீங்க? சுடச்சுடத் திங்கறதுக்குத்தான பன்னு?"

"தனியா இருக்கிறவன் பாதி தின்னுட்டுப் பாதிய வெப்பானுங்க."

இரண்டு லட்சம் பேரில் ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை. மருதாசலம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் வெற்றிலை மெல்லும்போது அவர் மறுபடி மைக்கைப் பிடித்தார். க்கபட்றனலமம கதையை முதலில் சொன்னார், சிரித்தார்கள். அப்புறம் மீதியைச் சொன்னார். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. கனவுப் பலன் தம்பதி கோபமாக எழுந்து போனார்கள். சிலர் தங்கள் வீட்டு விலாசத்தை ரஜியாவிடம் கொடுத்தார்கள். துரைக்கண்ணு மட்டும், "அப்ப என் ஜோக்கு நல்லாவே இல்லியா?" என்று எல்லோரிடமும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஆரோக்கியசாமி விலாசம் தரவில்லை. ரஜியா அவரிடம் போனாள்.

"உங்க வீட்டுக்கும் வந்து எடுத்துத் தர்றேங்கய்யா."

"வேண்டாம்மா" என்றார் அவர். "பொய்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. சரி. ஆனா விடிஞ்சா 'இன்னிக்கு மழை வருமாய்யா'ன்னு அது ஒண்ணுதான் என்கிட்டக் கேக்குது." குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். மருதாசலம் பின்னாலேயே ஓடிப் போய் அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டு வந்தார்.

மண்டபம் காலியாகிக்கொண்டிருந்தது. தமயந்தி மட்டும் மேடையோரத்தில் சுருதிப் பெட்டியோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். ரத்னா பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"சிங்கப்பூர்ல இருந்து ஒரு பொண்ணு எழுதுமுங்க. என் பாட்டக் கேட்டாத்தான் கொழந்தை தூங்குதுன்னு" என்றார் தமயந்தி. "அந்தக் கொழந்தையும் இல்லீங்களா?"

"இல்லீங்க்கா."

"காலைல இங்க கை தட்டினது?"

"அது நாங்கதானுங்க."

தமயந்தி பெட்டியின் மூடியைத் திறந்தார், மூடினார். பிறகு ரத்னாவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ரெண்டாவது சரணத்துல சுருதி விலகிப்போச்சு. உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

ரத்னா தயங்கினாள். "தெரிஞ்சுதுங்க்கா."

"நல்லாவே தெரிஞ்சுதா?"

"கொஞ்சம் நல்லாவேங்."

தமயந்தி தலையசைத்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியை மடியில் சரியாக நிறுத்தி வைத்தார்.

"இருங்க" என்றார். "அந்த எடத்த மட்டும் இன்னொருக்கா பாடறேன்."

ரத்னா நாற்காலியை இழுத்து இன்னும் கிட்டத்தில் போட்டுக்கொண்டாள்.